அழும்போது எடுத்த படம்

பாக்கியநாதன்: புள்ள கழுத்துல இருக்கற அந்தத் தாயத்தையும் அவுத்துடும்மா.

சின்னாயி: இது மட்டும் வேண்டாஞ் சாமி... பூசாரி மந்திரிச்சுக் கட்டுனதுங்க.

பாக்கியநாதன்: காலையிலயும் இதைத்தான் சொன்னே. அவுத்துட்டேன்னு சொல்லிட்டு முதுகுப் பக்கம் தள்ளி உட்டுட்டே. படத்தைக் கழுவிப் பாத்தா நெஞ்சுக்கு நடுவுல உம் பூசாரி வந்து குந்தியிருக்காரு.

சின்னாயி: அய்யோ, பூசாரியுங்களா?

பாக்கியநாதன்: தாயத்துக்குள்ள இருக்கற செப்புத் தகடும்மா! எக்ஸ்ரேயில தகடு வெள்ளையா வரும். எலும்பும் வெள்ளை. காத்து இருக்கற எடம் கறுப்பு. அதுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். ஆனா நாம மறைச்சு வெச்சா மட்டும் கண்டுபிடிச்சுடும்.

கண்ணுசாமி: அவுத்துப் போடு சின்னாயி. அவரு சொல்றாருல்ல...

பாக்கியநாதன்: நீங்க யாரு? புள்ளையோட அப்பாவா?

கண்ணுசாமி: சேச்சே... நா கண்ணுசாமிங்க. நாமகிரிப்பேட்டைக்கு அக்கட்ட ஒரு பண்ணையத்துல மேஸ்திரி. இந்தப் புள்ள அங்க கூலிக்கு வருது. இவ புருசன் மாரி மாடு பூட்டி எறவை ஓட்டறானுங்க. கெணத்தை உட்டுட்டு வர முடியாது. அதான் பண்ணையக்காரரு, நீ தொணைக்குப் போடான்னாரு.

சின்னாயி: ஆமாங்க. மேஸ்திரியேதான் வண்டி கட்டி, ராசிபுரத்துல பஸ்ஸுல ஏத்தி, குஞ்சம்மாளைத் தோள்ல போட்டுக்கிட்டு... கூலிக்காரி புள்ளைக்கு ஆருங்க இத்தனை பண்ணுவாங்க?

பாக்கியநாதன்: அடேங்கப்பா. மேஸ்திரிங்கள்லயும் நல்லவங்க இருக்காங்களா? இருபது வருசமா சேலத்துல இருக்கேன், எங் கண்ணுல ஒருத்தரும் படலையே.

கண்ணுசாமி: கேலி பண்ணாதீங்க. மொதல்ல புள்ளையப் பாருங்க.

பாக்கியநாதன்: பாத்துக்கிட்டேதான் பேசறேன். குஞ்சம்மா... என்னடி தங்கம், இப்படி இளைக்குதே உனக்கு? ஏம்மா, இந்த இளைப்பு எப்பவும் இருக்கா?

சின்னாயி: ராவெல்லாம் இருக்குதுங்க. பூனை உறுமற மாதிரி. காச்சலும் வருது, போவுது. ஊருல ஊசி போடறவரு மருந்து குடுத்தாரு. கேக்கல. காலையில எடுத்த படத்துல என்னங்க தெரிஞ்சுது? கசம்னு அந்த ஆயா சொல்லுச்சு...

பாக்கியநாதன்: ஆயா டாக்டருக்குப் படிச்சது எனக்குத் தெரியாது. வலது பக்கத்து நுரையீரல்ல லேசா ஏதோ வித்தியாசம். அவ்ளோதான் தெரியுது. கசமாவும் இருக்கலாம், காசநோயி. டாக்டரம்மாவுக்கு வேற ஒரு சந்தேகமும் இருக்கு.

சின்னாயி: கசம்னா பொழைக்குமுங்களா?

பாக்கியநாதன்: இப்ப ஊசி வந்துடுச்சும்மா. மாசக்கணக்குல குத்தணும். பொழைக்கும்.

சின்னாயி: அப்ப கசம்னே வெச்சுக்குங்க சாமி. இன்னைக்கே ஊசியை ஆரம்பிச்சுருங்க. நா தெனம் தூக்கிட்டு வாரேன்.

பாக்கியநாதன்: என்னம்மா இது, கத்திரிக்கா பொறுக்கற மாதிரி! கசம்னு சொன்னாலே ஊரு கெணத்துல தண்ணி எடுக்க உட மாட்டாங்க. நீ என்னடான்னா அதுவே போதும்ங்கறே?

சின்னாயி: அது... சாமி குடுத்த சீக்குங்க. ஆரையும் குத்தஞ் சொல்ல முடியாதுல்ல.

பாக்கியநாதன்: யாரு இப்ப குத்தம் சொன்னது? சரி, கேளு. டாக்டரம்மா பிரசவ வார்டுல மாட்டிக்கிட்டாங்க. கொடி சுத்தின கேசு. என்னைக் கேட்டு வெக்கச் சொன்னாங்க. இந்த இருமல் மெதுவா வந்துச்சா, இல்ல ஒரே நாள்ல திடீர்னு...

சின்னாயி: மெதுவாத்தானுங்க.

கண்ணுசாமி: மெதுவாத்தான். சளி புடிச்சு...

பாக்கியநாதன்: ஏதாவது தின்னப்ப பொறை ஏறி, மூச்சு முட்டி, புளியங்கொட்டை, பாசிமணி, கல்லக்கா—

சின்னாயி: இல்லீங்க!

கண்ணுசாமி: அதெல்லாம் ஒண்ணுங் கெடையாதுங்க.

பாக்கியநாதன்: நான் இன்னும் கேட்டே முடிக்கல. எங்க கோயில்ல செபமாலை சொல்றப்ப மறுமொழி சொல்வாங்களே, அந்த மாதிரி ரெண்டு பேரும் சேந்து சொல்றீங்க. மேஸ்திரி, நீங்க அந்த வீட்டுலயா இருக்கீங்க?

கண்ணுசாமி: இல்லீங்க... களத்துல பாக்கறதுதான். அப்பிடி ஏதாச்சும் நடந்திருந்தா எனக்குத் தெரியாதுங்களா?

பாக்கியநாதன்: தெரிஞ்சா சரி. டாக்டரம்மாவோட சந்தேகம் இதான். மூச்சுக் கொழாயில ஏதோ மாட்டியிருந்தா, காத்து உள்ள போவும். ஆனா வெளிய வராது. வாயி சின்னதாப் போன பை மாதிரி அந்தப் பக்கம் உப்பியே நிக்கும். காலையில நான் புள்ள மூச்சு இழுத்தப்ப படம் எடுத்துட்டேன். அதுல ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கு. இப்ப மூச்சு பூரா வெளிய விடறப்ப எடுக்கணும். 

கண்ணுசாமி: அதுக்கு மூச்சை உடுன்னா உடுமுங்களா, ரெண்டு வயசுப் புள்ள?

பாக்கியநாதன்: அதுக்குத்தான் அழணும். வீல்னு கத்தறப்ப காத்தெல்லாம் வெளிய வந்துடும். அந்த நிமிசத்துல நான் பொத்தானை அழுத்துவேன். இன்னொண்ணு, இந்த அளவு பிளேட்டு எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. மெட்ராசுலருந்து பெட்டி வர்ற வரைக்கும் வேற கெடையாது. அதனால ஆடாம புடிக்கணும். யாரு புடிக்கறது?

கண்ணுசாமி: நா புடிக்கறனுங்க.

சின்னாயி: வேண்டாங்க மேஸ்திரி, நானே...

கண்ணுசாமி: குடு இப்பிடி. வழியெல்லாம் எந் தோள்லதான தூங்கிட்டு வந்துச்சு.

பாக்கியநாதன்: தூங்கறது வேற, முழிச்சிருக்கறது வேற மேஸ்திரி. சரி, இந்த ஈயக் கவசத்தைப் போட்டுக்குங்க. பலகைக்கு இக்கட்ட நில்லுங்க. கொழந்தையோட ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி... ம், அப்படி. என்ன, கையை எறக்கிட்டீங்க?

கண்ணுசாமி: நா எறக்கலீங்க. அதுவா இழுத்துக்குது.

பாக்கியநாதன்: வாயை ஏன் பொத்துது? ரெண்டு கையாலயும் பொத்துது பாருங்க! எடுங்க, எடுங்க.

கண்ணுசாமி: எடுத்தா மறுபடியும் போவுது. ஏ சாமி... ஏ குஞ்சம்மா... கையை எடு கண்ணு.

பாக்கியநாதன்: அழவும் காணோம். இந்த ரூமுக்குள்ள வந்து அழாத புள்ளைய நான் பாத்ததே இல்ல. எம் பொண்ணு ரோசிக்கு ஒரு தடவை கைப்படம் எடுத்தேன், அவ போட்ட சத்தத்துல ரோட்டுல வண்டி நின்னுச்சு. இது என்ன, கண்ணுல தண்ணி மட்டும் ஓடுது!

கண்ணுசாமி: சத்தமே வரலீங்க...

பாக்கியநாதன்: இருங்க, இருங்க, வாயைத் தொறக்குது. ஆடாதீங்க... அழு தங்கம், அழு... இதோ! ...அட ச்சே!

கண்ணுசாமி: ஏனுங்க?

பாக்கியநாதன்: தொறந்தது அழறதுக்கு இல்ல, மூச்சு இழுக்கறதுக்கு. அப்படியே அடக்கிக்கிட்டு மறுபடியும் பொத்திக்கிச்சு. நான் அழுத்திட்டேன். ஒரு பிளேட்டு போச்சு.

சின்னாயி: சாமி, ஒதடு நீலம் பாயுதுங்க! மேஸ்திரி, குடுங்க எம் புள்ளைய... குடுங்கன்னா!

பாக்கியநாதன்: குடுத்துடுங்க. தூரம் போங்க. முதுகைத் தட்டும்மா... மெதுவா... ம், மூச்சு வந்துடுச்சு. மாதாவே.

சின்னாயி: இல்ல சாமி, இல்ல... அம்மாகிட்ட வந்துட்டியல்ல...

பாக்கியநாதன்: இப்ப ஒரு சமாச்சாரம் எனக்கு வெளங்கணும். மேஸ்திரி மூஞ்சியைப் பாத்தா இந்தப் புள்ள ஏன் வாயைப் பொத்துது?

கண்ணுசாமி: அது... பண்ணையத்து வழக்கமுங்க. எல்லாப் புள்ளைங்களும் என்னையப் பாத்தா கொஞ்சம் பயப்படும்.

பாக்கியநாதன்: என்ன வழக்கம்?

கண்ணுசாமி: ஆனி மாசம் வெதைப்புக்கு முந்தி பொம்பளைங்க களத்துல ஒக்காந்து வெதைக் கல்லக்கா உடைப்பாங்க. ஆளுக்கொரு குவியல். பொழுதோட கெளம்பறப்ப மடியை உதறிக் காட்டணும். கூட வந்த புள்ளைங்க வாயைத் தொறந்து காட்டணும். பல்லுல கடலை ஒட்டியிருந்தா அம்மாளுக்கு அன்னைக்குக் கூலி கெடையாது. நா ஒண்ணும் ஏற்படுத்துனது இல்லீங்க. எனக்கு முந்தி இருந்த மேஸ்திரி காலத்துலருந்தே...

பாக்கியநாதன்: சரி, வழக்கம் வாயைத் தொறக்கறது. பயந்தா இந்தப் புள்ள 'ஆ'ன்னு தொறந்துல்ல காட்டணும்? பொத்தறது எந்த வழக்கம்? ஏம்மா, நீ சொல்லு.

சின்னாயி: கூச்சமுங்க. வெறுங் கூச்சம்.

பாக்கியநாதன்: ம்... மேஸ்திரி, நீங்க வராந்தாவுல போய் இருங்க.

கண்ணுசாமி: நா ஒரு ஓரமா நின்னுக்கறனே...

பாக்கியநாதன்: உங்களைப் பாத்தா அழுகையே வரல. எனக்கு அழுகை வேணும். போங்க, கதவை இழுத்துச் சாத்துங்க. வெத்தலை போடறதுன்னா செவுத்துல துப்பிடாதீங்க, சிஸ்டரம்மா என்னைத்தான் புடிப்பாங்க... ம், போயாச்சு. இப்ப நீ இந்தக் கவசத்தைப் போட்டுக்கோ. கனக்கும். எதுக்கும் கேட்டு வெக்கறேன், முழுகாம இருக்கியா?

சின்னாயி: இல்லீங்க.

பாக்கியநாதன்: நிசமா? இதுலயும் மறைக்காதே.

சின்னாயி: நேத்துத்தானுங்க தலைக்கு ஊத்துனேன்.

பாக்கியநாதன்: சரி. பலகையோட சேத்து நிறுத்து. கரண்டு வேற எறங்கி எறங்கி ஏறுது. பிளேட்டு ஒண்ணே ஒண்ணு. நான் அந்தத் தட்டிக்குப் பின்னால இருந்து 'உம்'னு சொல்றப்ப தொடையில ஒரு கிள்ளு கிள்ளிடு.

சின்னாயி: நானுங்களா?

பாக்கியநாதன்: பின்ன யாரு, பூசாரியா?

சின்னாயி: என்னால ஆவாதுங்க. நீங்களே கிள்ளுங்க. எங் கையால இன்னொருக்கா அதை...

பாக்கியநாதன்: இன்னொருக்காவா?

சின்னாயி: ஒண்ணுமில்லீங்க.

பாக்கியநாதன்: நான் கிள்ளினா பொத்தானை யாரு அழுத்தறது? சின்ன வலிம்மா. பின்னால ஒரு முட்டாய் குடுத்தா மறந்துடும். உம்... கிள்ளு... கிள்ளும்மா!

சின்னாயி: மாட்டேங்குது சாமி, கை வர மாட்டேங்குது...

பாக்கியநாதன்: சரி சரி, நீ அழுவாதே. எனக்கு வேண்டியது உன் அழுகை இல்ல. மூக்கு ஒழுவுது பாரு, புள்ளைக்குத் தொடைச்சு உடு. கொஞ்ச நேரம் பொறுத்து...

சின்னாயி: ஏஞ் சாமி, இங்க பாரு, மூக்கத் தொடை... இல்ல கண்ணு! இல்ல! அம்மா ஒண்ணும் பண்ணல! தொடைக்கத்தான் வந்தேன்...

பாக்கியநாதன்: அழுது! புடி! கையைத் தூக்கிப் புடி, ஆடாதே... அப்படியே... ஆங்! எடுத்தாச்சு!

சின்னாயி: எடுத்தாச்சுங்களா?

பாக்கியநாதன்: நல்ல கத்தல். தொண்டை கிழியறாப்பல. இதான் வேணும்... ஏம்மா.

சின்னாயி: ஏனுங்க.

பாக்கியநாதன்: மேஸ்திரியைப் பாத்தா தன் வாயைத் தானே பொத்துது. பெத்தவ கை மூஞ்சிக்குப் பக்கத்துல வந்தா அலறுது. நான் டாக்டர் இல்ல. படம் எடுக்கறவன். ஆனா நானும் நாலு பெத்தவன். நான் இருட்டு ரூமுக்குள்ள போறேன். பிளேட்டைக் கழுவ வெளிச்சம் ஆவாது. நீ கதவுக்கு இந்தப் பக்கம் ஒக்காரு. அந்த நாற்காலியில இல்ல, இங்க, கதவுகிட்ட. நான் பேசினா கேக்குதா?

சின்னாயி: கேக்குதுங்க.

பாக்கியநாதன்: எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு உண்டு. சாமியாரு ஒரு பக்கம், நாம ஒரு பக்கம். நடுவுல தட்டி. மூஞ்சி தெரியாது. அதனால வாயி தானாத் தொறக்கும். இப்ப எனக்கும் உம் மூஞ்சி தெரியாது.

சின்னாயி: மேஸ்திரி எங்கீங்க?

பாக்கியநாதன்: வராந்தாவுல. கதவு சாத்தியிருக்கு.

சின்னாயி: அவரு காதுக்குப் போனா நாங்க குடிசையக் காலி பண்ணணுமுங்க. போன வருசம் கந்தம்மாளை அப்பிடித்தான் பண்ணாங்க. சட்டி பானையோட ரோட்டுல ஒக்காந்திருந்தா. அதுவும் ஒரே ஒரு பிடி கல்லக்காய்க்கு.

பாக்கியநாதன்: நான் உங்க பண்ணையத்துக்கு வந்து சொல்லப் போறதில்ல. மருந்துத் தண்ணியில ஆட்டிக்கிட்டிருக்கேன். நீ சொல்லு.

சின்னாயி: அன்னைக்குக் காலையில புள்ளைக்குக் களி ஆவுல. மாவு தீந்து போச்சுங்க. களத்துல ஒக்காந்து உடைச்சுக்கிட்டிருக்கறேன், மடியில படுத்துக்கிட்டு நைநைன்னு அழுவுது. முன்னால கல்லக்கா மலையாட்டம் கெடக்குது. எத்தனை நேரந்தான் பாத்துக்கிட்டிருப்பேன், சொல்லுங்க?

பாக்கியநாதன்: ம்.

சின்னாயி: முந்தானைக்குள்ள வெச்சு ஒரு காயை உடைச்சேன். கீழ குனிஞ்சு பாக்கல. பாத்தா மத்தவளுங்க பாத்துருவாளுங்க. பருப்பை அப்பிடியே புள்ள வாயில தள்ளிட்டேன். மென்னு தின்னு சாமின்னேன். அது ஒரு கடி கடிக்கறதுக்குள்ள... மேஸ்திரி செருப்புச் சத்தம்.

பாக்கியநாதன்: அப்புறம்?

சின்னாயி: வாயைப் பொத்திட்டனுங்க. முந்தானையை மேல போட்டு, தூங்குதுன்னு சொல்லி, மாரோட அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். அவரு போயிருவாருன்னு பாத்தா போவலீங்க. எத்தனை வள்ளம் பருப்பு உடைச்சாச்சுங்கறாரு. மாரி எங்கங்கறாரு. மழை வருமாங்கறாரு. நா பதில் சொல்லிக்கிட்டே இருக்கறேன். உள்ள அது காலை ஒதைக்குது. பல்லால உள்ளங்கையைக் கடிக்குது. நா எடுக்கலீங்க... எடுக்கலீங்க சாமி... நா பெத்த வயித்துல நெருப்பத்தான் வெக்கோணும்...

பாக்கியநாதன்: அழுவாதே. சொல்லி முடிச்சுடு.

சின்னாயி: அவரு நவுந்தப்புறம் எடுத்தேன். உள்ளங்கையில ஒரு பருப்பு ஒட்டியிருந்துச்சு. புள்ள மூஞ்சி கத்திரிப்பூ நெறம். பேச்சு மூச்சில்ல. தோள்ல போட்டு அடிச்சேன். இருமுச்சு. இருமி இருமி அப்பிடியே தூங்கிருச்சு. அன்னைலருந்துதாங்க இந்த இளைப்பு. எங்கூட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லல.

பாக்கியநாதன்: அப்ப, முன்ன 'கசம்னே வெச்சுக்குங்க'ன்னு சொன்னியே...

சின்னாயி: கசம்னா ஊசி போட்டாப் பொழைச்சுக்கும்னீங்களே. அப்பிடியே சரியாப் போயிட்டா இதைச் சொல்லாமலே உட்டுறலாமேன்னு...

பாக்கியநாதன்: அடி பைத்தியம். கசத்துக்கு ஊசி போட்டா கடலை கரையுமா? உள்ளயே கெடந்து அழுகிப் போவும். நுரையீரலையும் சேத்து அழுக வெக்கும்... வரேன், இரு, கதவைத் தொறக்கறேன். நவுந்துக்கோ. சொட்டுது பாரு, மேல படாம.

சின்னாயி: இதுதானுங்களா? எம் புள்ளையுங்களா இது?

பாக்கியநாதன்: உம் புள்ளையோட நெஞ்சு. இதெல்லாம் விலா எலும்பு. அழுவறப்ப எடுத்தது. இந்த எடது பக்கத்தைப் பாரு, காத்து வெளிய போய் வெளுத்துக் கெடக்கு. வலது பக்கத்தைப் பாரு.

சின்னாயி: கறுப்பா இருக்குதுங்க.

பாக்கியநாதன்: அவ்ளோ கத்தியும் காத்து எறங்கல. இருதயத்தையே எடது பக்கமாத் தள்ளிடுச்சு. கடலை படத்துல தெரியாது. அது அடைச்சு வெச்ச காத்துதான் தெரியுது... இங்கயே இரு. நான் பிரசவ வார்டுக்கு ஓடி டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு வந்துடறேன்.

சின்னாயி: சாமி, சீக்கிரம் வாங்க...

கண்ணுசாமி: எங்க ஓடறாரு அவரு? என்ன சொன்னாரு, சின்னாயி?

சின்னாயி: ஒண்ணுஞ் சொல்லலீங்க. டாக்டரம்மாளைக் கேட்டுட்டு வாராராம்.

கண்ணுசாமி: நீ என்ன சொன்னே?

சின்னாயி: நானும் ஒண்ணுஞ் சொல்லலீங்க மேஸ்திரி. சளின்னேன்.

கண்ணுசாமி: சின்னாயி... ஏதாச்சும் இருந்தா சொல்லீரு. அவருகிட்டச் சொல்லீரு.

சின்னாயி: ஏனுங்க இப்பிடிக் கேக்கறீங்க? என்ன இருக்குது எங்கிட்ட?

கண்ணுசாமி: இல்ல... புள்ள உசுருல்ல.

சின்னாயி: எம் புள்ள உசுரு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க ரொம்ப நல்லவருங்க. பண்ணையக்காரருக்கும் புண்ணியமாப் போவட்டும், உங்களை அனுப்பிச்சாரே. இந்தப் புள்ள பொழைச்சு எந்திரிச்சா அவரு கால்ல கொண்டு போய்ப் போடறேன்.

கண்ணுசாமி: அவரு கால்ல ஒண்ணும் போட வேண்டாம்.

சின்னாயி: ஏனுங்க?

கண்ணுசாமி: வேண்டாம்னா உடேன்! ...அந்தா வாராரு.

பாக்கியநாதன்: அம்மா, சாமானைக் கட்டு. மெட்ராசுக்குப் போவணும், இன்னைக்கே. சாயங்காலம் ஜங்ஷன்ல ரயிலு. டாக்டரம்மா அங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கிட்டிருக்காங்க. தொண்டை வழியா கொழாய் உட்டு, முனையில இடுக்கி வெச்சு எடுக்கற டாக்டரு அங்கதான் இருக்காரு.

சின்னாயி: மெட்ராசுங்களா... எம் புள்ள அது வரைக்கும்...

பாக்கியநாதன்: தாங்கும். ஒரு நர்சம்மாவை கூட அனுப்பறாங்க. இப்ப அவங்க ஒண்ணு கேக்கறாங்க, அதுக்குப் பதில் தெரிஞ்சாத்தான் போன்ல சொல்ல முடியும்... மேஸ்திரி, கொஞ்சம் வெளிய...

சின்னாயி: வேண்டாஞ் சாமி. இருக்கட்டும். அவரும் கேக்கட்டும்.

பாக்கியநாதன்: நல்லா யோசிச்சுக்கோ.

சின்னாயி: யோசிச்சுட்டனுங்க. குடிசை போனாப் போவட்டும். மேஸ்திரி, நா வெதைக் கல்லக்கா திருடுனேன். எம் புள்ளைக்குக் குடுத்தேன். நீங்க வந்தீங்கன்னு வாயைப் பொத்துனேன். அது மூச்சுக் கொழாயில போயிருச்சு. போயி பண்ணையக்காரருகிட்டச் சொல்லுங்க. எனக்கு இனி ஆரு பயமும் இல்ல.

பாக்கியநாதன்: சரி. கேளும்மா. எத்தனை பருப்பு?

சின்னாயி: ஒரு காயிதானுங்க. சத்தியமா ஒரே காயி.

பாக்கியநாதன்: ஒரு காயின்னா ரெண்டு பருப்பு. ஒண்ணு உங் கையில வந்துடுச்சு. அப்ப உள்ள ஒண்ணு. போய்ச் சொல்லிடறேன்.

கண்ணுசாமி: ஏனுங்க... ஒண்ணுன்னு சொன்னா, ஒண்ணை எடுத்ததும் உட்டுருவாங்களா? இன்னும் இருக்குதான்னு பாக்க மாட்டாங்களா?

பாக்கியநாதன்: மயக்கம் குடுத்த பச்சப் புள்ள மேஸ்திரி. இத்துனூண்டு கொழாய்க்குள்ள இன்னொரு கொழாயை எவ்ளோ நேரம் வெச்சிருக்க முடியும்? எடுத்தாச்சுன்னா உருவிடுவாங்க. இன்னொண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் தேடுவாங்க. அதான் இப்படிக் கேக்கறாங்க.

கண்ணுசாமி: அப்ப ஒண்ணுன்னு சொல்லாதீங்க.

பாக்கியநாதன்: ஏன்?

கண்ணுசாமி: உள்ள ரெண்டு இருக்குதுங்க.

சின்னாயி: என்னங்க சொல்றீங்க? நா ஒரு காயிதான உடைச்சேன்!

கண்ணுசாமி: ஒரு காயிதான். அது மூணு பருப்புக் காயி.

சின்னாயி: முந்தானைக்குள்ள வெச்சு உடைச்சனே... நானே பாக்கலையே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

கண்ணுசாமி: இந்தா. வெத்தலைப் பையிலயே கெடக்குது. நீ எந்திரிச்சப்ப உம் முந்தானைக்குள்ள இருந்து இந்தத் தொலி விழுந்துச்சு, நீ போனப்புறம் எடுத்தேன். தொலியப் பாருங்க, மூணு குழி இருக்குதா? ரெண்டுன்னு சொல்லுங்க, போங்க... நிக்காதீங்க, ரெண்டுன்னு போயிச் சொல்லுங்க!

பாக்கியநாதன்: சொல்றேன், போனு இன்னும் கெடைக்கல. அதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க. அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா? முன்ன நான் கேட்டப்ப ஒண்ணுங் கெடையாதுன்னீங்களே?

சின்னாயி: தெரிஞ்சுமா வந்தீங்க? பண்ணையக்காரரு அனுப்பிச்சாருன்னு...

கண்ணுசாமி: அவரு அனுப்பல. அவருக்கு இந்தப் புள்ள இருக்கறதே தெரியாது.

சின்னாயி: தெரிஞ்சிருந்தா அப்பவே திட்டியிருக்கலாமே! செருப்பால அடிச்சிருந்தாக்கூட கைய எடுத்திருப்பனே! மழை வருமா, மாரி எங்கன்னு... ஏனுங்க மேஸ்திரி, அத்தனை நேரம் எம் முன்னால எதுக்கு நின்னீங்க?

கண்ணுசாமி: வைக்கப்போருக்கு அந்தாண்ட இருந்து பாத்துட்டுத்தான் வந்தேன், சின்னாயி. கையுங் களவுமாப் புடிச்சாத்தான் பண்ணையக்காரரு மெச்சுவாருன்னு... முந்தானைக்குள்ள அது காலை ஒதைக்கறது எனக்கும் தெரிஞ்சுது. இன்னுங் கொஞ்சம் நின்னா பெத்தவதான, தானாக் கைய எடுத்துருவான்னு நின்னேன்.